நீர் புகாக் காமிரா: பெட்டியின் மேல் உள்ள எண்களைப் படிப்பது எப்படி?

1856ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள வேமத் விரிகுடாவில் வில்லியம் தாம்சன் என்பவர் ஒரு புதுமையான முயற்சியில் இறங்கினார். காமிராவை ஒரு பெட்டிக்குள் வைத்துக் கடலுக்குள் இறக்கி, சுமார் 5.5 மீட்டர் ஆழத்தில் ஒரு படம் எடுத்தார். நீருக்கு அடியில் எடுக்கப்பட்ட முதல் புகைப்படம் இதுவே என்று கருதப்படுகிறது. பெட்டியை மேலே இழுத்துப் பார்த்தபோது அதற்குள் கடல் நீர் புகுந்திருந்தது. ஆயினும் கண்ணாடித் தகட்டில் பதிந்த படம் எப்படியோ பிழைத்துக்கொண்டது.

இன்றைய காமிராவுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது. அதற்குள் இருப்பவை மின்சுற்றுகளும் லித்தியம் மின்கலமும் ஆகும். சில துளி உப்பு நீர் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

சட்டைப் பைக்குள் அடங்கும் நீர் புகா வீடியோ காமிராக்கள் இப்போது கடைகளில் நிறையக் கிடைக்கின்றன. மலையேறுவோர், மிதிவண்டி ஓட்டுவோர், நீந்துவோர், குளத்திலும் ஓடையிலும் உள்ள உயிரினங்களைப் பார்வையிடச் செல்லும் மாணவர்கள் என்று பலரும் இவற்றை விரும்புகிறார்கள். உங்கள் பள்ளியின் அறிவியல் மன்றம் ஓராண்டு சேர்த்த பணத்தில் இப்படி ஒரு காமிரா வாங்க முடிவு செய்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் மேல் 'வாட்டர் புரூஃப்' என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அதை நம்பி வாங்கிவிடலாமா?

கூடாது. நீர் புகாமை என்பது 'உண்டு' அல்லது 'இல்லை' என்று சொல்லி முடிக்கக்கூடிய பண்பு அன்று. எவ்வளவு அழுத்தம் வரை, எவ்வளவு நேரம் வரை, எப்படிப்பட்ட நீரில் என்ற மூன்று கேள்விகளும் அதில் அடங்கியுள்ளன. நீங்கள் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் படித்த இயற்பியலே இவற்றுக்கு விடை காணப் போதுமானது.

ஒரு மீட்டருக்கு எவ்வளவு?

நீருக்குள் இறங்க இறங்க அழுத்தம் கூடும். ஆழம், நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் 1 × 1000 × 9.8 = 9,800 பாஸ்கல். 10 மீட்டர் ஆழத்தில் 98,000 பாஸ்கல். இது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம்.

காமிராவின் முகம் 7 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் கொண்டது என்றால் அதன் பரப்பு 35 சதுர செ.மீ. ஆகும். 10 மீட்டர் ஆழத்தில் அந்த முகத்தின் மேல் நீர் செலுத்தும் விசை 343 நியூட்டன். அதாவது 35 கிலோ எடையுள்ள ஒரு சிறுவன் அதன் மேல் ஏறி நிற்பது போலாகும். அதே அழுத்தம்தான் பொத்தான், மின்கல அறையின் கதவு, மின்னேற்றும் துளையின் மூடி ஆகிய எல்லா இடுக்குகளிலும் நீரை உள்ளே தள்ளப் பார்க்கிறது.

இவ்வகைக் காமிராக்களின் வரலாற்றில் இந்த எண் எப்படி வளர்ந்திருக்கிறது என்று பாருங்கள். 2010ஆம் ஆண்டு வெளிவந்த கோடக் பிளேஸ்போர்ட் என்னும் பாக்கெட் வீடியோ காமிரா 3 மீட்டர் ஆழம் தாங்கும் என்று அறிவிக்கப்பட்டது. கோப்ரோ நிறுவனத்தின் தொடக்க காலக் காமிராக்களுக்கு நீரில் இறங்கத் தனி உறை தேவைப்பட்டது. 2016ஆம் ஆண்டு வந்த அதன் ஹீரோ 5 பிளாக் காமிரா உறையில்லாமலே 10 மீட்டர் தாங்கும் என்று அறிவிக்கப்பட்டது.

ஐ.பி. எண்ணின் பொருள்

பல கருவிகளின் மேல் ஐபி67, ஐபி68, ஐபிஎக்ஸ்7 என்ற குறியீடுகளைக் காணலாம். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் வகுத்த 60529 என்னும் தரவிதியிலிருந்து வந்தவை இவை. இந்த விதி முதன்முதலில் 1976ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது.

இதில் முதல் இலக்கம் தூசியைப் பற்றியது. 6 என்றால் தூசி அறவே புகாது. இரண்டாம் இலக்கம் நீரைப் பற்றியது. எக்ஸ் என்ற எழுத்து இருந்தால் அந்த இடத்துக்குரிய தகுதி குறிப்பிடப்படவில்லை என்று பொருள்.

நீருக்குரிய இலக்கங்களில் நமக்கு வேண்டியவை நான்கு. 5 என்றால், 6.3 மி.மீ. விட்டமுள்ள முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 6 என்றால், 12.5 மி.மீ. முனையிலிருந்து நிமிடத்துக்கு 100 லிட்டர் வீதம் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால், 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடாது. 8 என்றால், 7ஐ விடக் கடுமையான சோதனையில் தேறியது. ஆனால் அந்தச் சோதனையின் ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளரே குறிப்பிட வேண்டும். ஆகவே ஐபி68 என்று மட்டும் போட்டு, எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம் என்று சொல்லாத பெட்டி உங்களுக்குப் பாதிச் செய்தியைத்தான் தருகிறது.

இங்கே ஒரு புதிர் உண்டு. 7ஆம் தகுதி பெற்ற கருவி 5ஆம், 6ஆம் தகுதிகளையும் தானாகவே பெற்றுவிடுமா? பெறாது என்கிறது அந்தத் தரவிதி. மூழ்கினாலும் கெடாத கருவி, பீய்ச்சும் நீரில் கெட்டுவிடக்கூடும். இது ஏன்?

ஓடும் நீரும் ஆழமே

அசையாத நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. வேகமாக வரும் நீர் ஒரு பரப்பின் மேல் நேராக மோதி நின்றால், அதன் வேகமும் அழுத்தமாக மாறுகிறது. அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதில் பாதி எடுத்தால் அந்த அழுத்தம் கிடைக்கும்.

5ஆம் தகுதிச் சோதனையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 12.5 லிட்டர் நீர் 6.3 மி.மீ. விட்டமுள்ள துளை வழியே வெளிவர வேண்டுமானால், அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 6.7 மீட்டர் இருக்க வேண்டும். இந்த வேகம் தரும் அழுத்தம் சுமார் 22,000 பாஸ்கல். இது 2.3 மீட்டர் ஆழத்தில் உள்ள அழுத்தத்துக்குச் சமம். 1 மீட்டர் ஆழத்துக்கு மட்டும் சோதிக்கப்பட்ட கருவி இதைத் தாங்கும் என்று எப்படி உறுதி கூற முடியும்? புதிர் விடுபட்டதல்லவா?

இதிலிருந்து ஓர் எளிய விதி கிடைக்கிறது. ஒரு பொருள் ஓர் உயரத்திலிருந்து விழும்போது அது பெறும் வேகத்தின் வர்க்கம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தையும் பெருக்கி இரட்டித்த அளவாகும். அதை மேலே சொன்ன அழுத்தக் கணக்கில் இட்டுப் பாருங்கள். 5 மீட்டர் உயரத்திலிருந்து நீரில் விழும் காமிரா, நீரைத் தொடும்போதே 5 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தைச் சந்திக்கிறது. உயரம் எவ்வளவோ, ஆழமும் அவ்வளவே! தட்டையான முகம் நேராக மோதினால் முதற்கணத்தில் இதைவிட அதிகமாகவும் இருக்கலாம்.

நம் ஊர்க் கிணறுகளில் மேட்டிலிருந்து குதித்து நீந்துபவர்களை எண்ணிப் பாருங்கள். நீர்மட்டம் 5 மீட்டர் கீழே இருக்கிறது. காமிராவைக் கையில் பிடித்துக்கொண்டு குதிப்பவர் ஒரு மீட்டர் ஆழம்கூட மூழ்காமல் மேலே வந்துவிடலாம். ஆனால் அவருடைய காமிரா 5 மீட்டர் ஆழம் சென்று வந்ததற்குச் சமமான அழுத்தத்தைப் பட்டிருக்கும். 3 மீட்டர் காமிரா அங்கேயே தன் எல்லையைத் தாண்டிவிட்டது.

வண்டி கழுவும்போது குழாயின் வாயை விரலால் பாதி அடைத்து நீரைப் பீய்ச்சுகிறோம். மேல்நிலைத் தொட்டி 8 மீட்டர் உயரத்தில் இருந்தால், உராய்வில் பாதி இழந்தாலும் அந்த நீர் 4 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தைத் தரும். சேறு படிந்த காமிராவை இப்படிக் கழுவக் கூடாது. வாளி நீரில் அலசுவதே முறை.

மறுபுறம், வீண் அச்சமும் வேண்டாம். நீந்தும்போது கையின் வேகம் வினாடிக்கு 2 மீட்டர் என்றால், அது சேர்க்கும் அழுத்தம் 20 செ.மீ. ஆழத்தின் அழுத்தமே.

வெயிலில் கிடந்த காமிரா

இன்னும் ஒரு மறைவான ஆபத்து உண்டு. வெயிலில் கிடந்த காமிராவின் உள்ளே இருக்கும் காற்று 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிறது என்று கொள்வோம். அப்போது ஒருவர் மின்கலத்தை மாற்றிவிட்டுக் கதவை மூடுகிறார். உடனே 25 டிகிரி உள்ள நீரில் காமிராவை அமிழ்த்துகிறார். அடைபட்ட காற்று குளிர்கிறது. கன அளவு மாறாததால் அழுத்தம் குறைகிறது. கெல்வின் அளவில் இது 323லிருந்து 298க்கு இறங்குவதாகும். அழுத்தம் ஏறக்குறைய 8 விழுக்காடு குறையும். இதன் அளவு சுமார் 7,800 பாஸ்கல். 80 செ.மீ. ஆழத்துக்கு இது சமம். காமிரா நீருக்குள் இறங்கும் முன்பே உள்ளிருந்து நீரை உறிஞ்சத் தயாராகிவிடுகிறது என்று சொல்லலாம்.

ஐபிஎக்ஸ்7 சோதனையில் கருவியின் வெப்பநிலையும் நீரின் வெப்பநிலையும் 5 டிகிரிக்கு மேல் வேறுபடக் கூடாது என்று விதி இருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு அந்த விதி தெரியாது. ஆகவே காமிராவை நிழலில் ஆறவைத்துவிட்டே நீரில் இறக்க வேண்டும்.

ஈரமான காற்றில் கதவைத் திறந்து மூடினால் வேறு தொல்லையும் வரும். உள்ளே அடைபட்ட நீராவி குளிர்ந்து, கண்ணாடியின் உட்புறத்தில் பனிபோலப் படியும். படம் முழுவதும் மங்கலாகிவிடும். மின்கலத்தை வீட்டிலேயே, உலர்ந்த இடத்தில் பொருத்திக்கொண்டு செல்வது நல்லது.

ஒரு ரப்பர் வளையத்தின் கதை

நீரைத் தடுத்து நிறுத்துவது எது? பெரும்பாலும் கதவைச் சுற்றியுள்ள ஒரு மெல்லிய ரப்பர் வளையம்தான். குக்கர் மூடியின் கேஸ்கட்டும் இதே வேலையைச் செய்கிறது. அழுத்தும்போது ரப்பர் நசுங்கி, இரு பரப்புகளுக்கும் இடையே உள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்புகிறது. விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. திரும்பும் இந்த இயல்பு போய்விட்டால் வளையத்தால் பயனில்லை.

1986 ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73ஆவது வினாடியில் சிதைந்து, அதிலிருந்த ஏழு பேரும் உயிரிழந்தனர். அன்று காலைக் குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் தம் மீள்தன்மையை இழந்திருந்தன. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன், அந்த ரப்பர்த் துண்டை ஒரு பிடிப்பானில் நசுக்கிப் பனிக்கட்டி நீரில் போட்டுக் காட்டினார். பிடியைத் தளர்த்திய பிறகும் ரப்பர் உடனே விரியவில்லை. ஒரு தம்ளர் நீரில் செய்த அந்தச் சோதனை உலகப் புகழ் பெற்றது.

நம் காமிராவின் வளையத்துக்குப் பகை முதுமையும் தூசியுமே. ஒரு தலைமயிர் குறுக்கே கிடந்தாலும், ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் அதன் இருபுறமும் நீருக்கு வழி ஏற்பட்டுவிடும். ஆகவே வாங்கும்போது கதவுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கதவு குறைந்தால் கசியும் இடமும் குறையும். பூட்டு இரண்டு நிலைகளில் விழுகிறதா, சரியாக மூடாவிட்டால் சிவப்பு அடையாளம் தெரிகிறதா என்றும் பாருங்கள். மாற்று வளையம் கிடைக்குமா என்று கேளுங்கள்.

கடலில் பயன்படுத்தினால் நன்னீரில் சிறிது நேரம் ஊறவைத்து அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். இல்லையேல் உப்பு படிகமாகி வளையத்தைக் கீறும், உலோகத்தையும் அரிக்கும். நீர் புகுந்து கெட்டால் உத்தரவாதம் செல்லாது என்று பல கருவிகளின் சீட்டில் பொடி எழுத்தில் இருக்கும். அதையும் வாங்குமுன் படித்துவிடுங்கள்.

கீழே விழுந்தால்?

150 கிராம் காமிரா 2 மீட்டர் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விழுகிறது. அதன் ஆற்றல் சுமார் 2.9 ஜூல்தான். ஆனால் அது 1 மி.மீ. தூரத்தில் நின்றுவிட்டால் சராசரி விசை 2,900 நியூட்டனைத் தாண்டும். வெளியே ரப்பர் உறை இருந்து, அது 5 மி.மீ. நசுங்கி நிறுத்தினால் விசை ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பதும் இதற்காகத்தானே!

'ராணுவத் தரம்' என்ற விளம்பரத்தையும் காண்பீர்கள். அது அமெரிக்க ராணுவத்தின் 810 என்னும் சோதனை முறையைக் குறிக்கும். கையில் எடுத்துச் செல்லும் கருவிகளுக்கான சோதனையில் 1.22 மீட்டர் உயரத்திலிருந்து முகம், விளிம்பு, மூலை எல்லாம் படும்படி 26 முறை போடுவார்கள். போடும் இடம் சிமெண்டின் மேல் விரித்த ஒட்டுப்பலகை. அந்த 26 வீழ்ச்சிகளையும் ஐந்து கருவிகள் வரை பங்கிட்டுக்கொள்ளலாம். பாறையில் விழும் காமிராவுக்கு இது முழு உறுதியாகாது.

நீருக்குள் அதன் பார்வை

நீர் புகாவிட்டால் மட்டும் போதுமா? படமும் தெரிய வேண்டும் அல்லவா? நீரின் ஒளிவிலகல் எண் 1.33. தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும் காமிரா காற்றில் 90 டிகிரி அகலம் காணுமானால், நீரில் சுமார் 64 டிகிரிதான் காணும். எனவே அகன்ற கோணமுள்ள லென்சு நீருக்குள் மிகவும் பயன்படும்.

நீர் சிவப்பு நிறத்தை விரைவில் உட்கவர்ந்துவிடும். சில மீட்டர் ஆழத்திலேயே படங்கள் நீலப்பச்சையாகிவிடுவது இதனால்தான். பொருளுக்கு அருகில் சென்று எடுப்பதே இதற்கு நல்ல மருந்து. இடையில் உள்ள நீர் குறையக் குறைய நிறமும் தெளிவும் கூடும். ஆகையால் மிக அருகில் உள்ள பொருளைக் குவியப்படுத்த முடியுமா என்று கேட்டறியுங்கள்.

ஓடும்போது எடுக்கும் படம் ஆடாமல் இருக்க, காமிராவுக்குள் உள்ள சுழல் உணரி அசைவை அளந்து, படத்தின் ஓரங்களை வெட்டிச் சரிசெய்கிறது. மெல்லசைவுப் படத்துக்கு வினாடிக்கு 240 படங்கள் எடுத்து, 30 வீதம் ஓட்டினால் 8 மடங்கு மெதுவாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் நேரம் வினாடியில் 240இல் ஒரு பங்குக்கு மேல் இராது. மங்கிய ஒளியில் படம் இருண்டுபோகும்.

நினைவட்டையையும் கணக்கிடலாம். வினாடிக்கு 60 மெகாபிட் என்றால் 7.5 மெகாபைட். 64 ஜிகாபைட் அட்டையில் சுமார் 2 மணி 22 நிமிடம் பதியும். எல்லாப் பக்கமும் மூடிய பெட்டி ஆதலால் உட்சூடு வெளியேறுவதும் கடினம். மிதிவண்டியில் காற்றுப்படச் செல்லும்போது நன்றாக இயங்கும் காமிரா, வெயிலில் அசையாமல் நின்றால் சூடேறி நின்றுவிடலாம்.

மூழ்குமா, மிதக்குமா?

இது எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. 7 × 5 × 3 செ.மீ. அளவுள்ள காமிராவின் கன அளவு 105 கன செ.மீ. அது 105 கிராம் நன்னீரை விலக்கும். காமிராவின் நிறையோ 150 கிராம். ஆகவே அது மூழ்கிவிடும். இன்னும் 45 கிராம் எடைக்குச் சமமான மிதப்பு விசை வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 4 செ.மீ. உள்ள ஒரு தெர்மகோல் கனசதுரம் 64 கன செ.மீ. அளவுள்ளது, தன் எடை போகச் சுமார் 62 கிராம் தாங்கும். அதை உறுதியான கயிற்றால் காமிராவுடன் பிணைத்து, ஆரஞ்சு நிறத் துணி சுற்றிவிட்டால் தொலைவிலிருந்தும் தெரியும்.

இந்தச் சிறு துண்டு காக்கப்போவது காமிராவை மட்டும் அன்று. கிணற்றிலோ ஆற்றிலோ விழுந்த பொருளைத் தேடி இறங்கும் மனிதரையும் அது காக்கிறது. காமிரா போனால் இன்னொன்று வாங்கலாம். அதன் பின்னால் எவரும் ஆழத்தில் இறங்கக் கூடாது. மிதவை இல்லாத காமிராவை ஆழ நீருக்குக் கொண்டுசெல்லவே வேண்டாம்.

கடைக்குப் போகுமுன்

முதலில் ஒரு தாளில் உங்கள் பயன்பாட்டை எழுதுங்கள். மழையும் தூசியும் மட்டும்தான் என்றால் ஐபி65 அளவே போதும். மிச்சப் பணத்தை நல்ல லென்சுக்குச் செலவிடலாம். ஓடையிலும் ஆழமற்ற குளத்திலும் கையால் அமிழ்த்தி எடுக்க 3 மீட்டர் போதும். நீந்தவும் குதிக்கவும் என்றால் 10 மீட்டர் தேவை. அதற்கும் ஆழமாக என்றால் தனி உறை வேண்டும். உறை வாங்கினால், முதலில் காமிரா இல்லாமல் ஒரு மெல்லிய தாளை உள்ளே வைத்து மூடி, கல் கட்டி வாளி நீரில் அரை மணி நேரம் அமிழ்த்துங்கள். தாள் உலர்ந்திருந்தால் காமிராவை நம்பி வைக்கலாம்.

பயன்பாட்டை மீட்டராக மாற்றும்போது ஆழம், விழும் உயரம் ஆகிய இரண்டில் எது பெரிதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்காக ஒரு மீட்டர் கூட்டுங்கள். பிறகு அதை இரண்டால் பெருக்குங்கள். பெட்டியின் மேல் உள்ள எண் அதற்குக் குறையாமல் இருக்கட்டும். 4 மீட்டர் மேட்டிலிருந்து குதிப்பவருக்கு விடை 10 மீட்டர் என்று வருகிறதல்லவா?

கடைசியாக ஒரு கணக்கு உங்களுக்கு. 6ஆம் தகுதிச் சோதனையில் 12.5 மி.மீ. முனையிலிருந்து நிமிடத்துக்கு 100 லிட்டர் நீர் பீய்ச்சப்படுகிறது. அந்த நீர் எத்தனை மீட்டர் ஆழத்துக்குச் சமம்? விடை 9 மீட்டரைத் தாண்டினால் நீங்கள் சரியாகக் கணக்கிட்டீர்கள் என்று பொருள்.